பதினோரு நோய்களுக்குச் சொந்தக்காரர்

மாப்பிள்ளை ராஜாராமின் கடிதம் மானாம்பதிக்கு வந்து சேர்ந்த அன்று, என் பெரியப்பா தாண்டவராயன் தன் நிலத்தை முதல் தடவையாக ஏக்கரில் அளக்காமல் நாளில் அளந்தார்.

கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. "அமெரிக்காவில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் ஊர்க் கணக்குக்கு அரை ஏக்கர் போய்விடும். ஆகவே நீங்களும் அத்தையும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். எடுக்க முடியாவிட்டால் தயவுசெய்து வர வேண்டாம்." ராஜாராம் இன்ஜினீயர். மரியாதையையும் நிபந்தனையையும் ஒரே வாக்கியத்தில் நட்டு போல்ட்டு போட்டு முடுக்கத் தெரிந்தவர்.

"கெணத்து மேட்டு நெலம் எட்டு நாள் தாங்கும்," என்றார் பெரியப்பா. "ஏரிக்கீய் நஞ்ச ஆறு நாளு. எல்லாத்தையும் சேத்தா இருவத்தெட்டு நாள்ல நாம ரோட்டுக்கு வந்துருவோம். மொத நாளே வூட்டுக்கு அனுப்பிடுன்னு டாக்டருகிட்ட சொல்லிடணும்."

பெரியம்மா தாயாரம்மாள் இந்த நில அளவையில் கலந்துகொள்ளவில்லை. மகள் கனகா எழுதியிருந்த நாலு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பங்குனிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயமாக இருக்கிறது, அம்மா வந்தால் போதும்.

போன வருடம் கனகாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. வெளியே பனி, ராஜாராம் வேலைக்குப் போயிருந்தார், கூட யாரும் இல்லை. அந்தச் செய்தி மானாம்பதிக்கு வரப் பதினேழு நாள் ஆயிற்று. அந்தப் பதினேழு நாளும் தான் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் வந்ததைப் பெரியம்மாவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இந்தத் தடவை போயே தீருவது என்று இருந்தாள். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். விசாவும் கிடைத்துவிட்டது. மாசி இருபதாம் தேதி விமானம். பாக்கி இருந்தது இன்ஷூரன்ஸ் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் என்றால் தாமோதரன். உத்திரமேரூரிலிருந்து மொபெட்டில் வருவார். பேங்கில் கடன் வாங்கி வாங்கிய கறவை மாடுகளுக்குக் காதில் வில்லை அடித்து பாலிசி போடுவது அவர் தொழில். அவர் மொபெட் சத்தம் கேட்டால் மாடுகள் எழுந்து நின்றுகொள்ளும். மனிதர்களுக்கு, அதுவும் கடல் தாண்டும் மனிதர்களுக்குப் பாலிசி என்று சொன்னதும் அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"இது புச்சா வந்துகீது பெரியவரே. ரெண்டு தினுசு. ஒண்ணு, உலகம் பூரா செல்லும், அமெரிக்காவும் கனடாவும் தவிர. இன்னொண்ணு, அமெரிக்கா கனடாவையும் சேத்து. அது வெல டபுள்."

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். விதை நெல் வாங்கும்போது யோசிப்பாரே, அந்த யோசனை.

"மொதல்ல சொன்னதுல எத்தினி தேசம் கீது?"

"அது கீது நூறு நூத்தம்பது."

"நூத்தம்பது தேசம் அந்த வெல. கூட ரெண்டு தேசம் சேத்தா டபுளா?"

"ஆஸ்பத்திரி செலவு அங்கதான் அதிகம்."

"சரி, நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு அந்த நூத்தம்பதும் வேணாம். ஜப்பான்ல எனக்கு யாரு கீறாங்க? அதெல்லாம் கயிச்சிட்டு, அமெரிக்காவ மட்டும் தனியா குடு. கனடாவயும் எடுத்துக்க."

"தனியா வராது பெரியவரே."

"ஜவுளிக் கடையில ஒரு பொடவய தனியா குடுக்கல? மூட்டையோட எடுத்துக்கோன்னா சொல்றான்?"

பேரம் இப்படியே ஓடியது. அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பெரியப்பா மலிவான பாலிசியை எடுத்துக்கொண்டு, உடம்பு சரியில்லாமல் போனால் கனடாவையும் தாண்டி எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று கூடக் கேட்டுப் பார்த்தார். வரைபடத்தில் நான் காட்டினேன், வசதிப்படவில்லை.

"செத்துட்டா?" என்றார்.

"உடம்ப ஊருக்குக் கொண்டாந்து சேக்கற செலவு பாலிசியிலயே கீது."

"டிக்கெட்டு வாங்க வேணாமா?"

"வேணாம்."

"உசுரோட வந்தா?"

"அதுக்கு உங்க டிக்கெட்டுதான்."

கடைசியில் விலை அதிகமானதையே எடுப்பது என்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னது பெரியம்மா. "இன்னாத்துக்கு இந்த நாயம்? போற எடம் அமெரிக்கா. அதுக்கு எதுவோ அத்த குடுங்க," என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியத்துக்காகச் சுக்கு இடிப்பதைத் தொடர்ந்தாள்.

தாமோதரன் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் போய்ச் சோதித்து சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள், படிவத்தை வெறுமனே வைத்திருங்கள், அடுத்த வாரம் வந்து நானே நிரப்பி எடுத்துப் போகிறேன் என்று சொன்னார். தன் வாழ்நாளில் அவர் கொடுத்த மிக நல்ல யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். இருவருக்கும் ரத்தம், சிறுநீர், மார்பில் ஒயர் ஒட்டி எடுக்கும் படம் எல்லாம் ஆயிற்று. டாக்டர் இருவருக்கும் ஒரே வாசகம் எழுதினார்: நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார். பெரியப்பாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "உங்களுக்கு நாற்பது வயது ஆள் உடம்பு," என்றார். பெரியப்பாவுக்கு ஐம்பத்தெட்டு.

வெளியே வந்ததும் பெரியப்பாவின் முகம் சுருங்கியிருந்தது.

"பாத்தியாடா வரதா. அம்மாம் துட்டு வாங்கிகினு ஒண்ணுமே எயுதல. ஒண்ணும் இல்லன்னு எயுதறதுக்கு டாக்டரு எதுக்கு?"

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் படிவம் என்றால் உரச் சொசைட்டி இண்டென்ட் படிவம்தான். பத்து மூட்டை யூரியா வேண்டுமானால் இருபது என்று எழுத வேண்டும். மேலே பாதியை வெட்டுவார்கள், பத்து வந்து சேரும். பத்து என்று உள்ளதை எழுதிய யோக்கியனுக்கு ஐந்து வரும். பொட்டாஷ் கட்டத்தைக் காலியாக விட்டவனுக்குப் பொட்டாஷே வராது. பிறகு லாரிக்குப் பின்னால் ஓடினாலும் வராது. எழுதினால்தான் கிடைக்கும், இரண்டு மடங்காக எழுதினால்தான் வேண்டியது கிடைக்கும் என்று முப்பது வருடமாகப் பழகிய கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "கீழ்க்கண்ட நோய்களில் உங்களுக்கு எவை?" என்று கேட்டால் அந்தக் கை என்ன செய்யும்?

படிவம் நிரப்பியது மோட்டார் கொட்டாயில். நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே பெரியப்பா, பக்கத்து நிலத்துக்காரர் சேட்டு, மடை திருப்ப வந்த இருசப்பன், சாப்பாடு கொண்டுவந்த பெரியம்மா, பேனாவும் அகராதியுமாக நான், எல்லோரும் அங்கேதான் இருந்தோம். சேட்டு என்பது பெயர் மட்டும்தான். அவருக்கு இருந்தது ஒன்றேகால் ஏக்கர்.

நான் படிவத்தை ஒரு தடவை முழுக்கப் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"பெரியப்பா, ஏற்கெனவே இருக்கற நோய்க்கு இந்தப் பாலிசியில பணம் கெடையாதுன்னு போட்டுருக்கு. எழுதினா அது கழிஞ்சி போயிடும்."

"அது சின்ன எயுத்துல கீதா, பெரிய எயுத்துல கீதா?"

"சின்ன எழுத்து."

"அப்ப அது ஆபீசுக்காரங்களுக்கு. பெரிய எயுத்துதான் நமக்கு. அங்க இன்னா போட்டுகீது?"

"உங்களுக்கு என்னென்ன நோய் இருக்குன்னு கேட்டுருக்கு."

"கேக்கறான் இல்ல? குடுக்க இஷ்டமில்லாதவன் எதுக்குக் கேக்கறான்?"

நான் ஒரு தடவைதான் சொன்னேன். இங்கிலீஷில் ஒரு பேப்பர் பாக்கி வைத்திருப்பவன் இங்கிலீஷ் படிவத்தைப் பற்றி இரண்டு தடவை சொல்வது அழகில்லை.

"மொதல்ல சக்கர எயுதிக்கோ," என்றார் பெரியப்பா.

"உனக்கு ஏதுப்பா சக்கர?" என்றார் சேட்டு.

"அங்க போயி வந்துட்டா? ஆறு மாசம் கீதே. இப்ப எயுதாம அப்ப போயி கேட்டா குடுப்பானா?"

சேட்டுக்கு இது நியாயமாகப் பட்டது. உடனே தானும் உதவிக்கு இறங்கினார். "பிரஷரு எயுது. எங்க சம்மந்தி அதுலதான் போனாரு. மாரடைப்பயும் எயுதிக்க, ரெண்டும் ஜோடி. மூலம் எயுதினியா? குளிரு தேசத்துல மூலம் வராது, ஆனா எயுதி வெக்கறதுல இன்னா தப்பு?"

மூலம் எழுதினேன். அல்சர், கல்லடைப்பு, மஞ்சள் காமாலை, இளைப்பு, குடலிறக்கம், கிறுகிறுப்பு என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் எனக்குத் தெரியாததால் அகராதியைப் புரட்டினேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் அகராதியை அவ்வளவு சிரத்தையாகப் புரட்டியது அன்றுதான்.

சில நோய்களைப் பெரியப்பா தள்ளிவிட்டார். காசநோய் வேண்டாம் என்றார். குடும்பத்தில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். புத்திக் கோளாறு என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவும் வேண்டாம், வரப்புத் தகராறு தீர்த்துவைக்க நாலு ஊரிலிருந்து அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"ஏன் இருசப்பா, உனக்குத் தெரிஞ்சது எதுனா கீதா?" என்று கேட்டார்.

இருசப்பன் மண்வெட்டியை வைக்கவில்லை. "எங்க நோவுக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேரு இல்ல நைனா. ரெண்டு நாளு படுத்தா ரெண்டு நாளு கூலி போச்சின்னு சொல்வாங்க. அம்மாந்தான்."

"அத்த எப்பிடி எயுதறது," என்றார் பெரியப்பா. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

அப்போது பெரியம்மா ஒன்று சொன்னாள். "முட்டி வலி."

"ஆங், நல்ல ஞாபகம். முட்டி வலி எயுதுடா."

"அது என் முட்டிங்க."

பெரியப்பா அவளைப் பொறுமையாகப் பார்த்தார். "நெலம் என் பேர்ல கீது, நீ சாப்புடல? ரேஷன் கார்டு என் பேர்ல கீது, நீ சக்கர வாங்கல? முட்டி வலியும் என் பேர்ல இருக்கட்டும். பெரிய பாலிசில இருந்தா உனக்கும் சேத்து பாத்துக்கலாம்."

ஆக, பெரியம்மாவின் முட்டி வலி பெரியப்பாவின் பெயருக்குப் பட்டா மாறியது. மொத்தம் பதினொன்று. பாதி வெட்டினாலும் ஐந்தரை நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார்.

"பெரியம்மா ஃபாரத்துல என்ன எழுத?"

"அவளுக்கு இன்னா நோவு? வேலதான செஞ்சிகினு கீறா. எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுடு. ஒரே வூட்டுல ரெண்டு பேரும் கேட்டா பேராசன்னு நெனப்பான்."

பெரியம்மாவின் படிவத்தில் வரிசையாக "இல்லை" என்று எழுதினேன். கிறுகிறுப்பாவது அவளுக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. கரண்ட் வந்தது. பெரியப்பா தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பெரியம்மா தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

தாமோதரன் வரும்வரை பெரியப்பா காத்திருக்கவில்லை. நடுவில் ஆள் இருந்தால் ரெண்டு மூட்டை அவன் எடுத்துக்கொள்வான் என்பது இண்டென்ட் சாஸ்திரத்தின் இரண்டாவது விதி. டாக்டர் சர்டிபிகேட்டையும் சேர்த்து, ரிஜிஸ்டர் தபாலில் நேரே காஞ்சிபுரம் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

தை முடிந்து மாசி பிறந்தது. மாசி ஏழாம் தேதி ஒரு கவர் வந்தது. உள்ளே தாயாரம்மாளுக்கு ஒரு பாலிசி, நூற்றெண்பது நாளுக்கு, முத்திரையோடு, அமெரிக்கா உட்பட. கூடவே தாண்டவராயனுக்கு ஒரு கடிதம். அதை நான் தமிழில் சொன்னேன்.

"தாங்களே அறிவித்துள்ள பதினோரு நோய்களின் காரணமாகத் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று வருந்துகிறோம். தாங்கள் விரைவில் குணமடைய விழைகிறோம்."

பெரியப்பா கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை.

தாமோதரனுக்கு ஆள் அனுப்பினோம். வந்தவர், நான் வைத்திருந்த நகலைப் படித்துவிட்டு முதலில் உட்கார்ந்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

"பெரியவரே, நோவு பட்ட மாட்டுக்கு நான் வில்ல அடிப்பனா? நீங்களே எத்தினி மாட்டுக்கு பக்கத்துல நின்னு பாத்துகீறீங்க."

"நான் மாடா?"

"மாடா இருந்தா நான் பேசியிருப்பேன். நீங்க கையெழுத்து போட்டுகீறீங்களே."

"டாக்டரு எனக்கு ஒண்ணும் இல்லன்னு எயுதிகீறான். அத்த பாக்கலயா அவங்க?"

"பாத்துகீறாங்க. டாக்டருக்குத் தெரியாதத நீங்களே யோக்கியமா சொல்லிட்டீங்கன்னு நெனச்சிகீறாங்க."

மறுநாள் மூவரும் காஞ்சிபுரம் ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் முத்துகிருஷ்ணன் மெதுவாகப் பேசுகிற மனிதர். பெரியப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இன்னொரு நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "காலை நீட்டிக்கோங்க, முட்டி வலிக்கப் போகுது," என்றார். ஃபேனைக் குறைக்கச் சொன்னார், இளைப்புக்கு ஆகாதாம். டீ வந்தது, சர்க்கரை இல்லாமல்.

"எனக்கு ஒரு நோவும் கெடையாது சார்," என்றார் பெரியப்பா. "காலையில ரெண்டு காணிக்கு வரப்பு அண்ட வெட்டிட்டுதான் வந்தேன்."

"தைரியமா இருக்கீங்க. அது நல்லது. அதுதான் பாதி மருந்து."

"நெஜமாவே இல்ல."

முத்துகிருஷ்ணன் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "அப்ப இதுல எழுதினது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வழி இருக்கு," என்றார் மேனேஜர். "முன்னாடி நான் எழுதிக் குடுத்தது பொய், தெரிஞ்சே எழுதினேன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. புது விண்ணப்பத்தோட சேத்து மெட்ராசுக்கு அனுப்பறேன். அவங்க ஒத்துக்கிட்டா ஆறு வாரத்துல வந்துடும்."

விமானத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆனால் பெரியப்பா ஆறு வாரம் என்கிற சொல்லில் நிற்கவில்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

"பொய்யின்னா எயுதணும்?"

"வேற எப்படி எழுதறது?"

"தெரியாம எயுதிட்டேன்னு..."

"பதினோரு நோயைத் தெரியாம எழுத முடியாதுங்களே."

காவாந்தண்டலம் வரைக்கும் போய் வரப்புத் தகராறு தீர்க்கிறவர். இவர் சொன்னால் சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பேர். அப்படிப்பட்டவர், நான் பொய் சொல்கிறவன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால், மறுநாள் எந்த வரப்பில் போய் நிற்பார்? டீயை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது தாமோதரன் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் முடிவைச் சொன்னார். "டிக்கெட்டு ரெண்டையும் திருப்பி அனுப்பிடலாம். எனக்குக் குடுக்கல. நீ மட்டும் தனியா எப்பிடி போவ? காஞ்சிபுரத்துக்கே தனியா போனது கெடையாது."

பெரியம்மா லேகியத்தைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பாட்டில். மூடியைத் திருகி முடித்தாள்.

"நான் போறேன்."

"இன்னாது?"

"எனக்குக் குடுத்துட்டாங்க இல்ல? வரதன் படிச்சான். நான் போறேன்."

"நான் இங்க இருக்கறப்ப நீ எப்பிடி போவ?"

"நீங்க இங்க இருந்தாதான் நான் போவ முடியும். உங்களதான் வர வேணாம்னுட்டாங்களே."

"பேசத் தெரியாம பேசாத. பாஷ தெரியுமா? பம்பாயில எறங்கி வேற பிளேன் மாறணும். யாருகிட்ட கேப்ப?"

"மாப்பிள்ளையோட சிநேகிதரு அங்க வந்து ஏத்தி வுடுவாருன்னு அந்தக் கடுதாசிலயே போட்டுகீது. நீங்க நெலத்த அளந்துகினு இருந்தீங்க. நான் கேட்டுகினு இருந்தேன்."

பெரியப்பா குரலை மாற்றினார். "தாயாரு, ஆறு மாசம். எனக்குச் சோறு யாரு ஆக்குவாங்க? ஒடம்பு கிடம்பு முடியாம போச்சின்னா?"

பெரியம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை என்பதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"அதான் பயமா கீது. பதினோரு நோவு உங்களுக்கு. நான் இல்லாத நேரம் வெயில்ல போவாதீங்க. உப்பு கம்மியா சாப்புடுங்க."

"எனக்கு ஒரு மயிரு நோவும் இல்லடி. கல்லு மாரி கீறேன்."

"அப்ப இன்னா கவல? நான் போயி வரேன்."

பெரியப்பா வாயைத் திறந்தார். நோய் இருக்கிறது என்றால் படுத்திருக்க வேண்டும். இல்லை என்றால் அவளைத் தடுக்கக் காரணம் இல்லை. நாலு ஊர் வழக்கைத் தீர்த்தவர், தன் வழக்கில் இரண்டு பக்கமும் தானே நின்று, இரண்டிலும் தோற்றார்.

"நம்ம பொண்ணு போன தடவ யாரும் இல்லாம தனியா கெடந்துது," என்றாள் பெரியம்மா. "இப்ப போவாம இந்தப் பாட்டில வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."



பன்னிரண்டு நாளில் ஊர் தன் வேலையைச் செய்தது. சேட்டு மூலமாகப் பட்டியல் வெளியே போயிருந்தது. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். ஒரு வரப்புத் தகராறில் இரு தரப்பும், பெரியவருக்கு இந்த நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று தாங்களே சமாதானமாகப் போய்விட்டார்கள். அவர் தீர்த்த வழக்குகளிலேயே மிக விரைவில் தீர்ந்தது அதுதான்.

மாசி இருபதாம் தேதி மதியம் மீனம்பாக்கம். பெரியம்மா கெட்டிக் கரை போட்ட அரக்குப் புடவை, மேலே மாப்பிள்ளை அனுப்பிய கம்பளிக் கோட்டு. வெயிலில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கழற்ற மாட்டேன் என்றாள். பாஸ்போர்ட், டிக்கெட், பாலிசி மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கோட்டுக்கு உள்ளே வைத்திருந்தாள். முட்டி வலியால் படியில் சாய்ந்து சாய்ந்துதான் ஏறினாள்; ஆனால் சட்டப்படி அந்த வலி அவளுடையதல்ல.

பெரியப்பா கடைசி நேரம் வரை அவள் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தார். நானும்தான். வாசலில் நின்ற காவலாளி டிக்கெட் கேட்டார். அவள் மூன்று காகிதத்தையும் எடுத்து நீட்டினாள். அவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "தனியாவா போறீங்க?" என்றார்.

"ஆமாம்ப்பா. பொண்ணுக்குப் பிரசவம். வூட்டுக்காரருக்கு ஒடம்பு முடியல."

காவலாளி பெரியப்பாவைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார். பெரியம்மா உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டாள். அந்த ஆள் கையைக் காட்டினான். காட்டிய திசையில் நடந்தாள். லேகியப் பை ஒரு தோளில், மஞ்சள் பை கோட்டுக்குள். திரும்பிப் பார்த்தாளா என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். பார்த்தாள் என்று சொன்னேன்.

தாம்பரத்தில் உத்திரமேரூர் பஸ் பிடித்தோம். உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க போயி வரீங்க?"

"ஏரோப்பிளேன் ஏத்திட்டு வரோம். எங்க வூட்ல அமெரிக்கா போவுது," என்றார் பெரியப்பா. அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

"நீங்க போவலயா?"

பெரியப்பா வெளியே பார்த்தார். வண்டலூர் தாண்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல இங்கே ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. தெரிந்தவர்களும் யாரும் இல்லை. இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒடம்பு செரியில்ல," என்றார். "சக்கர. பிரஷரு. மாரடைப்பும் கீது."

அந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். "அய்ய, இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? இம்மாம் நேரம் நின்னுகினு வரீங்களே. உக்காருங்க, உக்காருங்க."

பெரியப்பா உட்கார்ந்தார். ஜன்னலை ஏற்றிவிடச் சொன்னார். செங்கல்பட்டு வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டார். உத்திரமேரூர் வரை நின்றுகொண்டே வந்தவன் நான்.